பஹ்மிதா கேட்ட இன்னொரு தட்டு

குறிஞ்சிப்பிட்டி பஹ்மிதா ஒரே வெடியில் ஏழு தட்டுகளை உடைத்தவள். எட்டாவது தட்டு பயத்தில் தானாகவே உடைந்தது. அந்தச் சத்தத்தில் களப்புக்கு அக்கரையில், புத்தளத்தில், ஒரு கலியாண வீட்டுப் பீங்கான் கோப்பைகள் எல்லாம் கீறல் விட்டன என்று கேள்வி.

சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். ஏழு அல்ல, ஒன்று. கலியாண வீட்டுக் கோப்பைகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு தட்டு ஏழு தட்டின் பாரம் உள்ளது. இந்தக் கதையே அந்த ஒன்றைப் பற்றியதுதான்.

எங்கள் தட்டுச் சுடும் சங்கத்தின் ஆண்டு மலரில் வருடத்துக்கு ஒரு அங்கத்தவரின் வாழ்க்கையை எழுதுவது வழக்கம். எழுதும் வேலை என் தலையில். போன முறை தலைவர் லத்தீப் ஹாஜியாரைப் பற்றி எழுதும்போது, அவர் சுட்ட தோட்டா தட்டை உடைத்துவிட்டுக் கற்பிட்டி வரை போய் ஒருவரின் தொப்பியைக் கழற்றிச் சலாம் சொன்னதாக எழுதிவிட்டேன். அச்சான பிறகுதான் செயலாளர் ஜபார் நானா வாசித்தார். அன்றைக்கே எனக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"டீச்சர், நீங்க எழுதுங்க, வேணாம் என்டு சொல்லல்ல. ஆனா யாரப் பத்தி எழுதுறீங்களோ அவங்கள முன்னால வெச்சு வாசிங்க. அவங்க ஏதும் திருத்தினா, அத அழிக்காம கடைசில அப்பிடியே போடுங்க."

சம்மதித்தேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவளுக்குத் திருத்தம் புதிதல்ல. கதையில் நான் எவ்வளவு கூட்டினாலும் எண்ணிக்கையில் கூட்டுவதில்லை. அதனால்தான் சங்கத்தில் உடைந்த தட்டு, உடையாத தட்டுக் கணக்கை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சிலாபம் ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேஷன் செய்த பிறகு, நான் இங்கிருந்தே கடலில் போகும் கப்பலின் கப்டன் சவரம் செய்தானா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

சங்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. களப்போரத்தில் கைவிடப்பட்ட உப்புப் பாத்திகள் கொஞ்சம் உண்டு. மௌத்தாகிப்போன அபூசாலி ஹாஜியாருடையவை. பயிர்க் காவலுக்குத் துவக்கு வைத்திருந்த தோட்டக்காரர்கள் ஒருகாலம் குறிபார்த்துப் பழகுவதாகச் சொல்லித் தேங்காயையும் தகர டப்பாவையும் சுட்டார்கள். ஒருநாள் ஹாஜியாரின் தண்ணீர்த் தாங்கியையே ஓட்டையாக்கினார்கள். அவர் கோபிக்கவில்லை. "பறக்கிறதாவும் இருக்கணும், உசிர் இல்லாததாவும் இருக்கணும். அப்பிடி ஒண்ட இஞ்ச வந்து சுடுங்க," என்று பாத்திகளைக் கொடுத்தார். முழு அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் வேண்டும் என்று சொல்கிற வரைக்கும் நிலம் சங்கத்துக்கு. அதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. அவருடைய பிள்ளைகளும் அதை மீறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவோம். சிவப்புக் கொடி ஏற்றுவோம். கொடி கண்டால் மீன்காரர்கள் அந்தப் பக்கம் தோணியைத் திருப்பமாட்டார்கள். லொறி ஸ்பிரிங்கில் செய்த ஒரு மெஷின் உண்டு; அதில் உள்ளங்கை அகலத் தட்டை வைத்துக் கம்பியை இழுத்தால், தட்டு சுழன்றுகொண்டு வெறும் பாத்திகளுக்கு மேலாகப் பறக்கும். கிழட்டுப் பாட்டனாரைப் போல ஒவ்வொரு முறையும் இருமிவிட்டுத்தான் எறியும் என்பதால் அந்த மெஷினுக்கு மூத்தாப்பா என்று பெயர். சுடுபவர் நின்று, துவக்கைத் தோளில் அணைத்து, "விடு" என்பார். மூத்தாப்பா இருமுவார். மீதி அல்லாஹ்வின் பொறுப்பு.

இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. புல் வெட்டுவது, கொட்டில் கூரைக்குக் கிடுகு மாற்றுவது, தேத்தண்ணி ஊற்றுவது, எல்லாம் சிரமதானம். சுட்டு முடிந்ததும் சுட்டவர், சுடாதவர், தலைவர், செயலாளர் என்று பாராமல் வரிசையாக நடந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும்.

அங்கத்தவர்கள் இரண்டு வகை. முழு அங்கத்தவர் சுடலாம், கூட்டத்தில் வோட்டுப் போடலாம். துணை அங்கத்தவர் பழகுவதற்குச் சுடலாம், மற்றபடி தட்டு எறியலாம், துண்டு பொறுக்கலாம், வோட்டுப் போட ஏலாது. துணையாக இருந்து முழு அங்கத்தவராக வேண்டுமென்றால், அங்கத்தவர்கள் பார்த்திருக்க இருபத்தைந்து தட்டில் பதினெட்டை உடைக்க வேண்டும். உடைந்தது என்றால், ஒரு துண்டாவது ஆகாயத்தில் கழன்று விழுவதைக் கணக்குப் பார்ப்பவர் கண்ணால் காண வேண்டும். நிலத்தில் கிடக்கும் தட்டைப் பொறுக்கி வந்து சாட்சி சொல்ல ஏலாது.

பஹ்மிதா நெடுங்காலம் துணை அங்கத்தவராகவே இருந்தாள்.

அவள் பிறந்தது மன்னார்ப் பக்கம். வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்திய தொண்ணூறில், இரண்டாம் வகுப்புப் பிள்ளையாக, உம்மா வாப்பாவோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவள். எல்லாரும் உடுப்பு மூட்டை கொண்டுவர, இவள் சட்டைக்குள் ஒரு கோழியை ஒளித்துக்கொண்டு வந்தாள். நடுக்கடலில் அந்தக் கோழி முட்டை இட்டது என்று நான் சொல்வதுண்டு. பஹ்மிதா அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. கிடுகுக் கொட்டிலில் நடந்த அகதிப் பள்ளிக்கூடத்தில் என்னிடம்தான் கணக்குப் படித்தாள். விடை சரி என்று சொன்னாலும் உட்காரமாட்டாள். "எப்பிடிச் சரி, டீச்சர்?" என்று நிற்பாள்.

வளர்ந்த பிறகும் அவர்கள் குடும்பத்தின் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பில்தான் இருந்தது. தேர்தல் என்றால் விடிய முன்னம் பஸ் பிடித்து மன்னாருக்குப் போய், வோட்டுப் போட்டுவிட்டுப் பொழுதுபட வந்து சேருவார்கள். ஒருமுறை அப்படி வந்து இறங்கியவள் என் வீட்டுப் படலையில் நின்று சொன்னாள்.

"வீடு இரிக்கிற இடத்தில எனக்கு வோட்டு இல்ல, டீச்சர். வோட்டு இரிக்கிற இடத்தில வீடு இல்ல. நடு ரோட்டுலதான் நான் குடியிரிக்கிறன் போல."

பிறகு குறிஞ்சிப்பிட்டியில் மிளகாயும் வெங்காயமும் பயிர் செய்யும் ஹுனைஸைக் கலியாணம் முடித்தாள். ஹுனைஸ் எங்கள் சங்கத்தில் முழு அங்கத்தவர். நல்ல மனிதர், சுமாரான குறி. அவருக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுவந்தவள்தான் பஹ்மிதா. அன்றைக்கு மூத்தாப்பா இறுகிப்போய் நின்றார். ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, இவள் மிளகாய்த் தோட்டத்துப் பம்பைக் கழற்றிப் பூட்டுகிற பழக்கத்தில், கேட்காமலே மெஷினின் வயிற்றைக் கழற்றிச் சரிசெய்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள்.

நாட்டில் எண்ணெயும் காஸும் இல்லாமல் நாங்கள் வரிசையில் நின்ற வருடம், வெளிநாட்டுத் தட்டு வருவதும் நின்றது. பாலுக்கே வழியில்லாத நேரத்தில் சுட்டு உடைக்கிற தட்டை யார் இறக்குவார்கள்? சங்கத்தை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பஹ்மிதா உப்புப் பாத்தியின் அடி மண்ணைக் குழைத்து, தேங்காய்ச் சிரட்டைக் கரியை இடித்துக் கலந்து, பிஸ்கட் டின் மூடியில் அமுக்கி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். முதல் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்த லத்தீப் ஹாஜியார், "இது தட்டா, தோசையா?" என்றார். சுட்டதும் கறுப்புத் தூள் பறந்தது. மழையில்லாத கச்சான் காற்றுக் காலம் முழுக்க நாங்கள் அதைத்தான் சுட்டோம். பொறுக்கிய துண்டுகளைத் திரும்பக் குழைத்துத் திரும்பத் தட்டாக்குவாள். ஒரே தட்டை நாங்கள் பல தடவை கொன்றிருக்கிறோம்.

இப்படியாக, தட்டும் அவள், மெஷினும் அவள், தேத்தண்ணியும் அவள். வோட்டு மட்டும் இல்லை.

அந்த வருடக் கடைசியில்தான் அது உறைத்தது. இறால் வளர்க்கிற ஒருவர் அந்தப் பாத்திகளைக் கேட்டு வந்தார். சங்கம் விட்டுக் கொடுத்தால், வண்ணாத்திவில்லுப் பக்கம் பெருந்தெருவோரம் வேறு நிலம் வாங்கித் தருகிறேன் என்றார். லத்தீப் ஹாஜியாருக்கு அது பிடித்துவிட்டது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். உப்புக் காற்றில் அவருடைய வாகனம் அடியிலிருந்து மேலாகத் துருவேறிக்கொண்டிருந்தது. தெருவோரம் என்றால் புத்தளத்துக்காரர்களுக்கும் சுகம். முழு அங்கத்தவர் பத்துப் பேரில் ஐந்து பேர் போவோம் என்றார்கள், ஐந்து பேர் இருப்போம் என்றார்கள். சமமாக நின்றால் தலைவரின் சொல்தான் செல்லும். வருடாந்தக் கூட்டத்தில் கை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி.

பஹ்மிதாவுக்கு அங்கே போய்வர வழியில்லை. தட்டுக் காய்கிற கொட்டில் இங்கே, மண் இங்கே, மிளகாய்த் தோட்டம் இங்கே. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஜபார் நானா, கூட்டம் எப்ப?"

"அடுத்த மாசம் மொத வெள்ளி, ஜும்ஆவுக்குப் பொறகு."

"அதுக்கு முன்னால நான் முழு அங்கத்தவரானா எனக்கு வோட்டு இரிக்கா?"

ஜபார் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் என்று வந்தால் அவர் உறவு பார்க்கிற ஆள் இல்லை. "ஓம், இரிக்கி," என்றார். "பதினெட்டு உடைச்சா."

லத்தீப் ஹாஜியார் சிரித்தார். "மகள், ரெண்டு தரம் பாத்தாச்சே. மொத தரம் எந்தக் கண்ண மூடுறது என்டு தெரியாம ரெண்டையும் மூடினீங்க. ரெண்டாந் தரம் பன்னெண்டோட நிண்டுச்சு."

"அதாலதான் மூண்டாந் தரம் கேக்கிறன், ஹாஜியார்."

"வண்ணாத்திவில்லுக்கு வாங்க மகள். நிழல் இரிக்கி, ரோட்டு இரிக்கி, நல்ல தண்ணி இரிக்கி."

பஹ்மிதா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒருக்கா இடம் பேந்து வந்தவ. அப்ப யாரும் என்னக் கேக்கல்ல. இன்னொருக்காப் போறதென்டா என்னக் கேட்டுட்டுத்தான் போகணும்."

ஹாஜியார் தன் கோப்பையைத் தானே கழுவி அதற்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கோப்பை கழுவியதை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு சோதனை. அதற்குள் வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டது. இரண்டு நாளாகத் தூறல். அன்றைக்கு மழை நின்றிருந்தது, ஆனால் காற்றே ஈரமாக இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியது, சீனிப் போத்தலில் சீனி கட்டியானது. முதலில் மற்றவர்கள் பழக்கத்துக்குச் சுட்டார்கள். அப்போதுதான் அந்த விசித்திரம் தெரிந்தது. வெடி சரியாகப் படும், தட்டு ஒரு நடுக்கம் நடுங்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போல முழுசாகப் போய் விழும். ஹுனைஸ் ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தார். தட்டு முழுக்க ஓட்டை. இடியப்ப உரலின் அடிப்பக்கம் மாதிரி.

எல்லாரும் தட்டைச் சுற்றி நின்றோம். பஹ்மிதா அதை வாங்கி வளைத்துப் பார்த்தாள். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் போல அது வளைந்தது.

"உப்பு," என்றாள். "உப்பு மண். வாடைக் காத்துல தண்ணிய இழுத்திரிக்கி. கச்சானோட இது எனக்கு வெளங்கல்ல."

உப்புக்கு நடுவில் பிறந்து, உப்பைக் குவித்து, உப்பை விற்றுச் சீவித்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நின்றோம். மழைக்காலத்தில் உப்பு நனையும் என்பது எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. கறியில் போட்டால் மட்டும்தான் அது உப்பு என்று நினைத்துவிட்டோம் போல.

ஹுனைஸ் அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். ஒதுக்கம் என்றாலும் எனக்குக் கேட்டது.

"வேணாம் பஹ்மிதா. ஜபார் நானாகிட்ட சொல்லுவம். நல்லாக் காஞ்ச தட்டு வேணும் என்டு கேப்பம்."

"காஞ்ச தட்டு எங்க இரிக்கி? எல்லாத்தையும் நான்தானே செஞ்சன்."

"அப்ப கூட்டம் முடியட்டும்."

"கூட்டம் முடிஞ்ச பொறகு எனக்கு எதுக்கு வோட்டு? தலைக்கு வெச்சுப் படுக்கவா?"

லத்தீப் ஹாஜியார் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "தட்டு ஒடயாட்டிப் பரவால்ல மகள், தேத்தண்ணியோட சாப்பிடலாம்!"

"மிஞ்சினா ஒங்கட வீட்டுக்கு அனுப்புறன் ஹாஜியார்," என்று சொல்லிக்கொண்டே அவள் துவக்கை எடுத்தாள்.

நான் என் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இரண்டு சிரட்டை, மடியில் மட்டி ஓடுகள். உடைந்தால் வலது சிரட்டையில் ஓர் ஓடு, உடையாவிட்டால் இடது சிரட்டையில். ஜபார் நானா மூத்தாப்பாவின் கம்பியைப் பிடித்தார். சோதனையில் புருசன் எறியக் கூடாது என்பது சட்டம். பஹ்மிதா மற்றவர்களைப் போல "விடு" என்று சொல்வதில்லை. "ஓம்" என்பாள்.

"ஓம்."

மூத்தாப்பா இருமினார். வெடித்தது. தட்டு நடுங்கியது, முழுசாக விழுந்தது. இடது சிரட்டை.

இரண்டாவது, இடது சிரட்டை. மூன்றாவது உடைந்தது. பிறகு மூன்று தட்டு வரிசையாக ஓட்டை விழுந்து போயின. ஒன்றில் அவளே தவறினாள். பத்துத் தட்டு முடிந்தபோது வலது சிரட்டையில் மூன்று ஓடு, இடது சிரட்டையில் ஏழு. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஹுனைஸ் சிவப்புக் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஹ்மிதா துவக்கை இறக்கினாள். நிலத்தில் கிடந்த ஓட்டைத் தட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மெஷின் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. அகதிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதபோது அசைவது போலவே அசைந்தது.

அவள் செய்தது இதுதான். மற்றவர்கள் தட்டு உயர்ந்து, நடுவானத்தில் வேகம் தணிகிற வரைக்கும் பொறுத்துச் சுடுவார்கள். அந்தத் தூரத்துக்குப் போகுமுன், தோட்டாவிலிருந்து சிதறும் ஈயச் சன்னங்கள் பிரிந்து பரந்துவிடும். ஈரத் தட்டை ஒவ்வொன்றாகத் துளைக்கும், உடைக்காது. பஹ்மிதா இனிப் பொறுக்கவில்லை. மூத்தாப்பாவின் இருமல் முடிகிற இடத்திலேயே சுட்டாள். தட்டு வெளியே வந்ததும் வராததுமாக, சன்னங்கள் ஒரு பிடியாக இருக்கும்போதே போய் அறைந்தன. ஈரம் என்ன, உப்பு என்ன, தட்டு கிழிந்து போனது.

"அவசரப்படுறா," என்றார் யாரோ.

"அந்த இருமல அஞ்சாறு வருசமாக் கேக்கிறவ," என்றார் ஜபார் நானா. அடுத்த தட்டை வைத்தார்.

வலது சிரட்டை நிறையத் தொடங்கியது. லத்தீப் ஹாஜியார் பகிடி விடுவதை நிறுத்தினார். பிறகு தேத்தண்ணியை நிறுத்தினார். பிறகு, நான் சத்தியமாகக் கண்டேன், அவள் "ஓம்" சொல்கிற போதெல்லாம் அவருடைய வலது தோளும் கொஞ்சம் பின்வாங்கியது.

இருபத்துநான்கு தட்டு முடிந்தது. வலது சிரட்டையில் பதினேழு ஓடு. கடைசித் தட்டு பாக்கி.

"ஓம்."

மூத்தாப்பா அந்த நேரம் பார்த்து இரண்டு தரம் இருமினார். தட்டு பிந்தி வந்தது, சரிந்து வந்தது, நிலத்தோடு பதிவாகப் பறந்து களப்புப் பக்கம் ஓடியது. பஹ்மிதா துவக்கைத் திருப்பி, தொடர்ந்து, தூரத்தில் வைத்துச் சுட்டாள். தட்டு நடுங்கியது. போய் விழுந்தது.

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

நான் கண்டேன். தட்டின் விளிம்பிலிருந்து ஒரு சிப்பு, நகக்கண் அளவுத் துண்டு, கழன்று விழுந்தது. ஒப்பரேஷன் செய்த கண்ணால் கண்டேன். கடைசி மட்டி ஓட்டை எடுத்து வலது சிரட்டையில் போட்டேன்.

"ஒடஞ்சது," என்றேன்.

லத்தீப் ஹாஜியார் எழும்பினார். "எங்க ஒடஞ்சது? முழுசாப் போச்சே, டீச்சர்!"

"சிப்பு விழுந்தது."

"ஓம், விழுந்திரிக்கும்! சிப்புக்குப் பின்னால ஒரு யானையும் விழுந்திரிக்கும், நீங்க அதச் சொல்ல மறந்திட்டீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் ஒரு நேரம் உண்மை பேசினேன், அந்த நேரம் பார்த்து என் பழைய கதைகளெல்லாம் வரிசையாக வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின. தொப்பியைக் கழற்றிய தோட்டா முதலாவதாக வந்தது.

ஜபார் நானா கையை உயர்த்தினார். சிரிப்பு நின்றது. "கணக்குப் பாக்கிறவர் சொன்னா முடிஞ்சு. அதுதான் சட்டம். டீச்சருக்குச் சிப்பு தெரிஞ்சா அது சிப்புதான். பதினெட்டு. பஹ்மிதா முழு அங்கத்தவர்."

லத்தீப் ஹாஜியார் என்னை ஒருதரம், வானத்தை ஒருதரம் பார்த்தார். அவர் உப்பு வியாபாரி; நிறுத்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவர் இல்லை. "சட்டம் அதென்டா சரி," என்று உட்கார்ந்தார்.

ஹுனைஸ் கொடிக் கம்பத்தை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்தது. எல்லாம் சுகம். அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"ஜபார் நானா, இன்னொரு தட்டு விடுங்க."

"என்னத்துக்கு?"

"சந்தேகம் வந்தா சுட்டவங்க இன்னொரு தட்டுக் கேக்கலாம் என்டு சட்டத்தில இரிக்கிதானே?"

"இரிக்கி. ஆனா கேட்டா, இந்தத் தட்டு கணக்கில இல்லாமப் போகும். அடுத்தத ஒடைக்காட்டி பதினேழுதான். நல்லா யோசிங்க, மகள்."

"யோசிச்சிட்டன்."

ஹுனைஸ் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். "ஒனக்கென்ன பைத்தியமா? தந்திட்டாங்களே!" என்று தன் இரண்டு கையையும் விரித்தார். நானும் கதிரையிலிருந்து சத்தம் போட்டேன். "பஹ்மிதா, நான் கண்டன்! வாங்கிக்கொண்டு பேசாம இரு!" அவள் என் பக்கம் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். பிடிவாதம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கையில் கிடைத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வெல்லப் பார்க்கிற ஒரு பெருமை. வேறு காரணம் எனக்குத் தெரியா.

அவள் இடுப்புப் பையைத் தட்டிப் பார்த்தாள். தோட்டா முடிந்துவிட்டது. ஹுனைஸிடமும் இல்லை. மற்றவர்கள் பழக்கத்திலேயே சுட்டுத் தீர்த்திருக்க, லத்தீப் ஹாஜியார் எழும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தோட்டா ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க. எனக்கு எதிரா வோட்டுப் போட என்ட தோட்டாவே போகட்டும். வெளில போய் யாருக்கும் சொல்லிராதீங்க."

"டீச்சர் எழுதிருவாங்க, ஹாஜியார்."

"டீச்சர் எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. அது பரவால்ல."

பஹ்மிதா தோட்டாவைப் போட்டாள். தோளை ஒருதரம் சுழற்றினாள். அது நோகிறது என்று முகத்தில் தெரிந்தது. மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் சிவந்துகொண்டு வந்தது. காற்று ஒருகணம் நின்றது.

"ஓம்."

மூத்தாப்பா ஒருதரம்தான் இருமினார். இருமலும் வெடியும் ஒரே சத்தமாகக் கேட்டது. தட்டு தூளாகியது. கறுப்புத் தூள் ஒரு மேகமாக எழும்பி, களப்பைத் தாண்டி, புத்தளம் பெரிய பள்ளி மினாராவை ஒருதரம் சுற்றிவிட்டு வந்தது.

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஒடஞ்சது!" என்று முதலில் கத்தியது லத்தீப் ஹாஜியார்.

பிறகு வழக்கம்போல எல்லாரும் வரிசையாக நடந்து துண்டு பொறுக்கினோம். முழு அங்கத்தவரான முதல் வேலையாக, பஹ்மிதாவும் குனிந்து பொறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். போவோம் என்றவர்கள் ஐந்து கை. இருப்போம் என்றவர்கள் ஐந்து கை, அதோடு ஒன்று. பஹ்மிதாவின் வலது தோள் நீலம் பாய்ந்திருந்ததால் அவள் இடது கையைத்தான் உயர்த்தினாள். இடது கை செல்லுமா என்று ஜபார் நானா சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். (இல்லை, புரட்டவில்லை. புரட்டுவது போல முகத்தை வைத்துக்கொண்டார்.) "ஆறுக்கு அஞ்சு," என்றார். லத்தீப் ஹாஜியார் தன் வாகனத்தின் சாவியைத் தூக்கிக் காட்டி, "துருப்பிடிக்கட்டும்," என்றார். அடுத்த ஞாயிறு கொட்டிலுக்குப் புதுக் கிடுகு கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான்.

இப்போது பஹ்மிதா பாத்தி மண்ணை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, சிரட்டை நெருப்பில் சுட்டுத்தான் தட்டாக்குகிறாள். வாடையிலும் உடைகிறது. ஞாயிறு தேத்தண்ணியை ஆளுக்கு ஒரு முறை வைத்து ஊற்ற வேண்டும் என்று கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றியதும் அவள்தான். லத்தீப் ஹாஜியாரின் முறை வரும்போது நாங்கள் வீட்டிலேயே குடித்துவிட்டு வருகிறோம்.

ஜபார் நானாவின் நிபந்தனைப்படி, இவ்வளவையும் கொட்டிலில் உட்கார்ந்து பஹ்மிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூடியில் மண்ணை அமுக்கிக்கொண்டே கேட்டாள். ஏழு தட்டுக்கும் கோழி முட்டைக்கும் சிரித்தாள். மினாராவைச் சுற்றிய தூளுக்கு, "ரெண்டாப் பொளந்திச்சு, அவ்வளவுதான்," என்றாள். ஆனால் முடியும்வரை கைவேலையை நிறுத்தவில்லை. முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் குந்தினாள். அவள் சொன்னதை, சொன்னபடி, கீழே போடுகிறேன்.

"டீச்சர், சிப்பு விழல்ல. துவக்குக்கு நேரா பாத்துக்கொண்டு நிண்டது நான். ஓட்டைதான் விழுந்திச்சு. எனக்காக நீங்க சொன்னீங்க என்டு அப்பவே தெரியும். அந்த ஓட்ட வோட்டோட எனக்குக் கை தூக்க ஏலா என்டுதான் இன்னொரு தட்டுக் கேட்டன். அத எழுதுங்க."